கணக்கில் வராத போட்டோ

அத்தியாயம் 7

எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. திருப்பூர் பக்கத்து நெருப்பெரிச்சலில் அந்தப் பனியன் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"சகாயம், கொஞ்ச நேரம் வாய மூடு," என்றார் தரணீதரன். அவர் துப்பறிகிறவர். நான் அவருடைய உதவியாள், சகாயராஜ், சொந்த ஊர் தூத்துக்குடி. சம்பளம் வாங்குவது துப்பறிய, ஆனால் பாதி நேரம் திட்டு வாங்குகிறேன்.

மேஜைமேல் மூன்று போட்டோக்களைப் பிரிண்ட் எடுத்துக் கவிழ்த்து வைத்திருந்தாள் மதுமதி. ஒவ்வொன்றாக ஓரத்தைத் தூக்கி எங்களுக்கு மட்டும் காட்டினாள். மூன்றிலும் ஒரே பள்ளிக்கூடப் பை. ஊதா நிறம், முன்பக்கம் ஒரு பட்டாம்பூச்சி. முதல் படத்தில் அது இதே ஆபீஸ் பெஞ்சில் இருந்தது. இரண்டாவதில் கம்பெனி கேட்டை ஒட்டிய சுவரோரம். மூன்றாவதில் ஒரு கட்டில்மேல், பூப்போட்ட போர்வையில். மூன்றிலும் பையின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"அது என்ற ஊட்டுக் கட்டிலுங்க," என்றாள் மதுமதி. "என்ற பொண்ணு படுக்கற கட்டில்."

மதுமதி இந்தக் கம்பெனியின் மெர்ச்சண்டைசர். பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன், கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டிய தலைவிதி அவளுக்கு. ஒவ்வொரு லாட் சரக்கும் தயாரானதும் கழுத்துத் தையல், லேபிள், அட்டைப்பெட்டி என்று போட்டோ எடுத்து, பையருடைய வெப்சைட்டில் ஒரு படிவத்தில் மொத்தமாக ஏற்றி அனுப்புவாள். அவள் எடுத்தது ஏழு என்றால் போய்ச்சேர்ந்தது எட்டு. கடைசி மூன்று லாட்டிலும் இப்படி. எட்டாவது போட்டோ இந்தப் பை.

"இன்னிக்குக் காலைலதானுங்க பையர் மெயில் போட்டான், இதெல்லாம் என்னன்னு கேட்டு. சத்தியமா நான் அனுப்பலீங்க. ஊட்டுக்காரர் மஸ்கட்ல இருக்கறார். ஊட்டுல நானும் பாப்பாவும் மட்டுந்தான். யாரோ உள்ள வந்து, என்ற புள்ள படுக்கற எடத்துல நின்னு போட்டோ எடுத்துருக்கறாங்க. அடுத்தது அவளத்தான்னு சொல்றாங்களா?"

அவள் கண் பெஞ்சுக்குப் போனது. அந்த ஊதாப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அங்கே தேஜஸ்ரீ உட்கார்ந்திருந்தாள். நாலாவது படிக்கிறாள். பள்ளிக்கூட வேன் கம்பெனி வாசலில் இறக்கிவிடும். டியூஷனுக்குப் போகும்வரை அம்மாவின் ஆபீஸில்தான் இருப்பாள். நான் இரண்டு ஜோக் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்குச் சிரிக்காதவர்கள் நிறையப் பேர்தான், ஆனால் குழந்தைகள் பொதுவாக மரியாதைக்காவது சிரிக்கும்.

"பாப்பாகிட்ட எதும் சொல்லலீங்க," என்று கிசுகிசுத்தாள் மதுமதி. "பயந்துக்குவா."

அப்போது ஒரு பையன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தான். நெற்றியில் திருநீறு, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் பணிவு.

"இது நித்தீஷ். லேபிள் ஸ்டோர பாத்துக்கறான்," என்றாள் மதுமதி. "பாப்பாவ தினமும் இவந்தான் பைக்குல டியூசன்ல விடுவான். நம்ம பையன் மாதிரி." பிறகு அவனிடம் திரும்பினாள். "கண்ணு, இவங்க டிடெக்டிவ். அந்த விசயத்துக்குத்தான் வந்துருக்கறாங்க. இன்னிக்கு நீ டியூசன்ல விட்டுட்டு வந்துராத. முடியற வரைக்கும் கூடவே இரு. கைய விடாத."

"நான் பாத்துக்கறேனுங்க்கா. நீங்க பயப்படாதீங்க," என்றான் நித்தீஷ். எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டான். பையை வாங்கக் கை நீட்டினான். "குடு சாமி, கனமா இருக்குது."

குழந்தை பையை விடவில்லை. அவன் மெதுவாக இழுத்தான். இரண்டாவது இழுப்பில் பை அவன் தோளுக்குப் போனது. இருவரும் வெளியே போனார்கள். மதுமதி ஜன்னல் வழியாக பைக் கேட்டைத் தாண்டும்வரை பார்த்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை விட்டாள்.

"சகாயம், அந்தச் சேர்ல உக்காரு," என்றார் தரணீதரன்.

மதுமதியின் கம்ப்யூட்டரில் பையருடைய படிவம் திறந்தே இருந்தது. திரையின் மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: 'இந்தப் பக்கத்தை யாரும் மூடாதீங்க.'

"ஏன் மூடக்கூடாது?" என்று கேட்டார்.

"மூடுனா மறுபடியும் லாகின் பண்ணோணுமுங்க. ஓடிபி முதலாளி போனுக்குத்தான் போகும். அவர் பாதி நாள் சிவன்மலைல இருப்பாருங்க. போன சைலன்ட்ல போட்டுட்டு முருகன் முன்னால நின்னுருவார். நாங்க இங்க காத்துக் கெடப்போம். அதனால காலைல ஒருக்கா தொறந்தா, சாயங்காலம் அனுப்பற வரைக்கும் அப்படியே கெடக்கும். ஆயுத பூஜைக்குக்கூட அத மூடாமத்தான் பொட்டு வெச்சோம்."

"நல்லதுங்க. சகாயம், ஒரு போட்டோவ தேர்ந்தெடு. எதுவா இருந்தாலும் சரி."

கம்ப்யூட்டரில் ஒரு மயில் படம் கிடந்தது. அதை எடுத்தேன். படிவத்தின் பட்டியலில் மயில் வந்து உட்கார்ந்தது.

"அனுப்பாத. இப்ப மறுபடியும் அதே பட்டன அமுக்கி, அட்டைப்பெட்டி போட்டோ ரெண்ட எடு."

எடுத்தேன். பட்டியலில் அட்டைப்பெட்டிகள் மட்டும் இருந்தன. மயிலைக் காணோம்.

"மயிலு பறந்துட்டு அண்ணாச்சி."

"அனுப்பு."

மதுமதி லாட் நம்பரைச் சொன்னாள், போட்டு அனுப்பினேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று உடனே ஒரு மெயில் வந்து விழுந்தது. இந்த மெயில் தினம் குவிகிறதாம், யாரும் திறந்து பார்ப்பதில்லையாம். திறந்தோம். இரண்டு அட்டைப்பெட்டி. அதற்கு மேலே மயில்.

தரணீதரன் திரையிலிருந்த மயிலை விரலால் தட்டினார்.

"மொத தடவ எடுத்தத இது கீழ போடறதில்ல, கையிலயே வெச்சுக்குது," என்றார் தரணீதரன். "இந்தப் படிவத்த எழுதுன ஆளு நல்ல எண்ணத்துலதான் செஞ்சுருப்பான். ரெண்டாந்தடவ எடுத்தா மொதல்ல எடுத்தது தொலைஞ்சு போகுதுன்னு யாராச்சும் சண்ட போட்டிருப்பாங்க. சேத்து வெக்கச் சொல்லிக் குடுத்துட்டான். சேத்து வெச்சத பட்டியல்ல காட்டோணும்ங்கறத மறந்துட்டான்."

"ஐயோ, பையருக்கு மயிலு போயிருச்சுங்களே," என்றாள் மதுமதி.

"எதுக்குன்னு கேட்டா முருக பக்தர்னு சொல்லிருங்க," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வரவில்லை. அப்படியென்றால், யாரோ ஒருவர் இதே சேரில் உட்கார்ந்து, அந்தப் பைப் படத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். பிறகு இவள் வந்து, அவசரத்தில் பட்டியலைக் கவனிக்காமல் அதே பட்டனை அமுக்கி, தன் கையாலேயே அதையும் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். நான் சேரிலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஆனா அண்ணாச்சி, மெரட்டுதவன் எதுக்குப் பாதியில எந்திரிச்சுப் போவான்? அனுப்பிட்டே போயிருக்கலாமே?"

"இப்பத்தான் நீ வாங்கற சம்பளத்துக்குக் கேக்கற. லாட் நம்பர் போடாம அனுப்பிப் பாரு."

அனுப்பிப் பார்த்தேன். படிவம் சிவப்பெழுத்தில் முறைத்தது. லாட் நம்பர் இல்லாமல் அது நகராது.

"லாட் நம்பர் யாருக்குத் தெரியும் அம்மணி?"

"எல்லாருக்குந்தானுங்க. வெளிய போர்டுல பெருசா எழுதிருக்குதே. கட்டிங் மாஸ்டர்ல இருந்து பாத்திரம் கழுவற சின்னாத்தாள் வரைக்கும் தெரியும்."

"அப்ப இந்தச் சேர்ல உக்காந்தவங்களுக்கு லாட் நம்பர்னா என்னன்னே தெரியாது. கம்பெனி ஆளு இல்லீங்க."

இதைக் கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார் போல. மதுமதியின் முகம் இன்னும் வெளுத்தது. "வெளியாள் ஆபீசுக்குள்ளயே வந்துட்டுப் போறானுங்களா?"

தரணீதரன் திரையின் பக்கம் குனிந்தார். பழைய 'பெற்றுக்கொண்டோம்' மெயில்களைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொன்றிலும் போட்டோக்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. போன் தானாகப் போடும் வரிசை எண்கள். அவர் விரல் திரையில் ஓர் இடத்தில் நின்றது.

"இது கழுத்துத் தையல். இது அட்டைப்பெட்டி. இது ரெண்டுக்கும் நடுவுல வர்ற நம்பர் எதுங்க?"

மதுமதி குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். நடு எண்ணில் அந்தப் பை இருந்தது. அடுத்த மெயிலிலும் அப்படியே. வேற்றாள் போனில் எடுத்த படத்துக்கு இவள் போனின் வரிசையில் இடம் கிடைக்காது.

"உங்க போன்லயே எடுத்தது," என்றார்.

"அது ஆபீஸ் போனுங்க. அதுல எடுத்தா போட்டோ தானா இந்தக் கம்ப்யூட்டருக்கு வந்துரும், ஆயிரக்கணக்குல கெடக்கும். ராத்திரி பையர் கூப்புடுவான்னு ஊட்டுக்கும் அதையேதான் கொண்டு போவேன்." பேசிக்கொண்டே சார்ஜர் பக்கம் கையைக் கொண்டுபோனாள். வயர் மட்டும் தொங்கியது. "இங்கதானுங்க சொருகி வெச்சிருந்தேன். இப்பத்தான் வெச்சேன்."

நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்த அறையில், எங்கள் கண் முன்னால் அந்தப் போன் போயிருக்கிறது. நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். போனைத் தேடினேன் என்று அப்போது சொன்னேன். உண்மையில் அங்கே ஆள் யாரும் இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் குனிந்தேன்.

"என்ற ஊட்டுக்குள்ள வந்து, என்ற போனையே எடுத்து..." என்றாள் மதுமதி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டே.

தரணீதரன் மேஜைமேல் கிடந்த ஒரு ஸ்டிக்கர் சுருளை எடுத்து, ஒன்றை உரித்தார். சின்ன சிவப்பு அம்பு. போட்டோவில் இருந்த அதே அம்பு.

"அம்மணி, பயத்த ஒரு நிமிசம் ஓரமா வெச்சுட்டுச் சொல்லுங்க. இத நீங்க எதுக்கு ஒட்டுவீங்க?"

"பீஸ்ல டேமேஜ் இருக்கற எடத்துலீங்க. ஓட்டை, கறை, தையல் விட்டுப்போனது. அம்பு ஒட்டி போட்டோ எடுத்து பையருக்கு அனுப்புவோம். அவன் பாத்துட்டு என்ன பண்ணோணும்னு சொல்வான்."

"தப்பு எங்க இருக்குதுன்னு காட்டறதுக்கு."

"ஆமாங்க."

அவர் போட்டோவைத் திருப்பிப் போட்டார். "இந்த அம்பு எங்க காட்டுது?"

"ஜிப்ப." அவள் அடுத்ததைப் பார்த்தாள். அடுத்ததையும். "எல்லாத்துலயும் ஜிப்பத்தான் காட்டுது."

"யாரும் உங்கள மெரட்டலீங்க. ஒருத்தங்க உங்க பாசைலயே சொல்றாங்க, இந்தப் பைக்குள்ள ஒரு தப்பு இருக்குதுன்னு. இந்தச் சேர்ல உக்காருவாங்க, ஆனா லாட் நம்பர் தெரியாது. ஊட்டுல உங்க போன எடுத்தா நீங்க கண்டுக்கமாட்டீங்க. அந்தக் கட்டில் அவங்க கட்டில்."

மதுமதி நின்ற இடத்திலேயே சேரைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பா," என்றாள்.

"கேட்ல எல்லாரையும் சோதிப்பாங்களா?"

"எல்லாரையுமுங்க. என்ற பைகூடத் தொறந்து காட்டோணும்." அவள் நிறுத்தினாள். "பாப்பா பைய மட்டும் பாக்கமாட்டாங்க."

லேபிள் என்பது நம் கண்ணுக்குக் கழுத்தில் குத்தும் ஒரு துண்டுத் துணி. பையருடைய அசல் லேபிளை எந்த மட்டப் பனியனில் தைத்தாலும் அது வெளிநாட்டுச் சரக்காகிவிடும். ஒரு சுருள் வெளியே போனால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையின் பைக்குள் எத்தனை சுருள் வேண்டுமானாலும் போகும். கனமாகத்தான் இருக்கும். லேபிள் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் நித்தீஷே சொன்னானே.

இதையெல்லாம் விளக்க அங்கே நேரம் இல்லை. மதுமதி ஏற்கெனவே தன் சொந்தப் போனில் நித்தீஷைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஸ்விட்ச் ஆஃப். டியூஷன் டீச்சர் கமலாம்பாளைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் அந்தம்மாவின் குரல் நிதானமாக வந்தது.

"தேஜு இன்னும் வர்லியேம்மா. இன்னிக்கு லீவுன்னு நெனச்சேன்."

கம்பெனியிலிருந்து டியூஷனுக்கு பைக்கில் ஐந்து நிமிடம்கூட ஆகாது. அவர்கள் போய் அரை மணிக்கு மேல் ஆகியிருந்தது.

"நான்தானுங்க சொன்னேன்," என்றாள் மதுமதி. "டிடெக்டிவ் வந்துருக்கறாங்கன்னு அவன்கிட்ட நானே சொன்னேன். கைய விடாதன்னு நானே புடிச்சுக் குடுத்தேன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். எங்கே போய்த் தேடுவது? பல்லடம் பக்கமா, அவிநாசி பக்கமா? சாயங்கால ஷிப்ட் விட்டு ஊரே ரோட்டில் இருக்கிற நேரம். ஒரு பைக், ஒரு குழந்தை. நித்தீஷ் பயந்துவிட்டான். பயந்தவன் கையில் குழந்தை இருக்கிறது.

அப்போது கம்ப்யூட்டரில் 'டிங்' என்று ஒரு சத்தம்.

ஆயிரக்கணக்கான கழுத்துகளும் கைகளும் கிடந்த போட்டோ பெட்டிக்குள், மேலே, புதிதாக ஒரு படம் வந்திருந்தது. தரணீதரன் என்னைத் தள்ளிவிட்டு அதைத் திறந்தார்.

அவசரத்தில் எடுத்த, கலங்கலான படம். மேஜைக்கு அடியிலிருந்து எடுத்திருந்தது. ஒரு ஆணின் கால்கள். பக்கத்தில் தரையில் வாய் திறந்த ஊதாப் பை. எட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தேங்காய் பன். அதற்கும் அப்பால் கண்ணாடிக் கதவில் இடவலமாகத் திரும்பிய எழுத்துகள். ஓரத்தில், மேஜைக் காலில், ஒரு சிவப்பு அம்பு. அது அந்தக் கால்களைக் காட்டியது.

"மயில்வாகனன் பேக்கரி," என்று எழுத்துகளைத் திருப்பிப் படித்தாள் மதுமதி. "ரிங் ரோட்டுல இருக்குதுங்க. போன் பாப்பாகிட்டத்தான் இருக்குது. கூப்புடட்டுமா?"

"வேண்டாங்க," என்றார் தரணீதரன். "மணியடிச்சா அவன் பாத்துருவான். வண்டிய எடு சகாயம்."

எங்கள் பழைய மாருதி வேன் அன்றைக்கு ஓடிய ஓட்டம் அதற்கே தெரியாது. வழியெல்லாம் கம்பெனி பஸ்கள், சைக்கிளில் வட இந்தியத் தொழிலாளர்கள், நூல் மூட்டை ஏற்றிய டெம்போக்கள். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் மதுமதி முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தாள். தரணீதரன் தெரிந்த இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். அவர் குரல்கூட நிதானமாக இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பேக்கரி வாசலில் அவன் பைக் நின்றது. டீ குடிக்கிறவர்கள் கூட்டம். பைக்கில் சாவி இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கிளம்பத் தயாராக விட்டுவைத்திருந்தான். அதை உருவி என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

கடைசி மேஜையில் இருந்தார்கள். நித்தீஷ் ஊதாப் பையிலிருந்து சுருள்களை எடுத்து ஒரு கட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். சுவரோரம் தேஜஸ்ரீ. முன்னால் ஒரு பப்ஸ், தொடாமல் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவன் ஒரு கையைக் குழந்தையின் தோள்மேல் வைத்தான்.

"பாப்பா பசிக்குதுன்னா, அதானுங்க்கா," என்றான். சிரித்தான். கையை எடுக்கவில்லை. விரல்கள் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தன.

மதுமதி ஓர் அடி முன்னால் வைத்தாள். தரணீதரன் அவளைத் தடுத்து நிறுத்தினார்.

"நல்லதுங்க தம்பி," என்றார், விருந்துக்கு வந்தவர் மாதிரி. "பப்ஸுக்கு நான் குடுத்துக்கறேன். நீங்க பைய எடுத்துட்டுக் கெளம்புங்க. எங்களுக்குக் கொழந்தை மட்டும் போதும்."

அவன் அவரைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். அந்த மூன்று பார்வைக்குள் என் ஆயுளில் பாதி போய்விட்டது. பிறகு கை தளர்ந்தது. கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி வெளியே ஓடினான்.

"தம்பி, நல்ல வண்டி வச்சிருக்கிய," என்று பின்னாலேயே போனேன். "சாவியத்தான் காணல."

அவன் பைக்கில் உட்கார்ந்து தடவிக்கொண்டிருந்தபோது கட்டைப்பை சரிந்து, லேபிள் சுருள்கள் ரோட்டில் உருண்டன. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பனியன் கம்பெனிக்காரர்கள். ஒரு பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. நான் கை வைக்கவேண்டிய வேலையே இருக்கவில்லை. நான்கு பேர் அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள், ஒருவர் டீயைக்கூடக் கீழே சிந்தவில்லை.

நான் உள்ளே திரும்பி வந்தபோது மதுமதி குழந்தையின் தலை, கை, கால் என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சாமி, இத்தன நாளா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல? அந்த நாய் என்ன சொல்லி மெரட்டுனான்?"

"பை நம்முளுதுதானாமா. மாட்டுனா போலீசு உன்னத்தான் புடிச்சுட்டுப் போகுமாமா," என்றாள் தேஜஸ்ரீ. குரல் ரொம்ப மெல்லியது. அவள் பேசி நான் கேட்டது அப்போதுதான். "ஆனா நான் சொன்னேம்மா."

"எப்பச் சொன்ன?"

"நீ பையர்கூடப் பேசிட்டிருந்த. நான் வந்து, அம்மா ஒரு தப்பு நடக்குதுன்னேன். நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்ல. வாயில சொன்னா ஆகாது, அம்பு ஒட்டி போட்டோ எடுத்து அதுல போடுன்னு சொன்ன. டெய்லர் அக்காங்களுக்குச் சொல்ற மாதிரியே சொன்ன." அவள் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "நான் சரியாத்தான போட்டேன்? அவங்க பாத்தாங்களாம்மா?"

தரணீதரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மதுமதி பேக்கரித் தரையிலேயே உட்கார்ந்தாள். கைப்பைக்குள் அவளுடைய போன் அடிக்க ஆரம்பித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அதை எடுக்கவில்லை. குழந்தையைப் பக்கத்தில் இழுத்து, அவள் வாய்க்கு நேராகத் தன் காதைக் கொண்டுபோனாள்.

"இப்பச் சொல்லு சாமி," என்றாள். "மொதல்ல இருந்து."